வார்டுக்கு வரும் இன்ஜினீயர்

அரியலூரிலும் பெரம்பலூரிலும் மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. உள்ளே இருக்கும் கருவிகளை நம்பிக்கையோடு கையாள, சோதிக்க, புதிதாகச் செய்ய நம் பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டும்?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை வார்மரில் கிடத்தியிருக்கிறார்கள். தலைக்கு மேலே சூடு தரும் ஹீட்டர். வயிற்றில் ஒட்டியிருப்பது பட்டன் அளவுள்ள ஒரு ப்ரோப். தோலின் சூடு 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹீட்டர் கூடும், ஏறினால் தணியும். எல்லாம் தானாக நடக்கும்.

வியர்வையிலோ எண்ணெய்ப் பிசுக்கிலோ பிளாஸ்திரி விட்டுப்போய் அந்த ப்ரோப் கழன்று மெத்தையில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இப்போது அளப்பது சுற்றியிருக்கும் காற்றை. குழந்தை குளிர்ந்துவிட்டது என்று கருவி கணக்குப் போடும். ஹீட்டரை முழு வேகத்தில் ஏற்றும். ஏற்கெனவே கதகதப்பாக இருந்த உடம்பு கொதிக்கத் தொடங்கும். அதே ப்ரோப் நழுவி முதுகுக்கு அடியில் சிக்கினால் நடப்பது நேர் எதிர். உடம்புக்கும் மெத்தைக்கும் இடையே அடைபட்ட சூட்டை அது படிக்கும், ஹீட்டர் தணியும், குழந்தை விறைக்கும்.

இரண்டிலுமே கருவியில் பழுது இல்லை. சர்க்யூட் சரி, சாஃப்ட்வேர் சரி, கேலிபரேஷன் சான்றிதழும் மேலேயே ஒட்டியிருக்கும். குழந்தைகள் வார்டு சிஸ்டருக்கு இந்த ஆபத்து தெரியும். ப்ரோப்பின் மேல் பளபளக்கும் ஃபாயில் ஒட்டி, போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்ப்பது அதனால்தான். அந்த வார்மரை வடிவமைக்கிறவருக்கும் பராமரிக்கிறவருக்கும் தெரியுமா? பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் மேற்படிப்பு எதற்கு என்று கேட்டால், இந்தக் கேள்வியிலிருந்துதான் நான் தொடங்குவேன்.

இரண்டாவது தேர்வா?

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று அரியலூர். பெரம்பலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. திருச்சி போகும் வழியில், மதுரகாளியம்மன் கோயில் இருக்கும் சிறுவாச்சூரில் தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதே குழுமத்தின் பொறியியல் கல்லூரி பெரம்பலூரில் பயோமெடிக்கல் பாடத்தை நடத்துகிறது. சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி பூமி ஒருபக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையுமாக இன்னொரு பக்கம் என்று இருந்த இந்த இரு மாவட்டங்களில், வென்டிலேட்டரும் டயாலிசிஸ் இயந்திரமும் இப்போது அன்றாடப் பேச்சில் வரும் சொற்கள்.

டாக்டர் கனவின் வலியை இந்த மண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல் 2017-ல் நம்மை விட்டுப் போன மாணவி அனிதாவின் குழுமூர் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த வலியின் பக்கவிளைவாக ஒரு பழக்கமும் இங்கே பரவியிருக்கிறது. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லையென்றால், ‘மெடிக்கல்’ என்ற சொல் பெயரில் இருக்கிறதே என்று பயோமெடிக்கலில் சேர்த்துவிடுவது. கவுன்சலிங் முடிந்து வீடு திரும்பியதும் அத்தையோ சித்தப்பாவோ கேட்பார்கள்: “இது டாக்டர் படிப்பா கண்ணு, இன்ஜினீயர் படிப்பா?”

இன்ஜினீயர் படிப்பு. அதிலும் கணக்கும் எலெக்ட்ரானிக்ஸும் கடுமையாக இருக்கும் இன்ஜினீயர் படிப்பு. தமிழ்நாட்டில் பி.இ. சேர கணக்கு, இயற்பியல், வேதியியல் போதும். பிளஸ் டூ-வில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு இதயத்தின் நான்கு அறைகள் புதிது, மீதிப் பேருக்கு ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம் எட்டிக்காய். நீட் தோல்விக்கு ஆறுதலாக இதில் சேர்கிறவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். மனதார விரும்பிச் சேர்கிறவருக்கு, டாக்டரால் செய்ய முடியாத ஒரு வேலை காத்திருக்கிறது. அதை ஆறுதல் பரிசாகப் பார்ப்பது அந்த வேலைக்கும் அந்தப் பிள்ளைக்கும் செய்யும் அநியாயம்.

விரல் நுனியில் ஓர் ஆராய்ச்சி

கொரோனா காலத்தில் ஊரெல்லாம் பழகிப்போன கருவி பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ஆஷா பணியாளர் கையிலும் இருந்தது, மளிகைக் கடைக் கல்லாவிலும் இருந்தது. 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று ஒரே ஓர் எண்ணை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் முடிவெடுத்தன. அந்த எண் எங்கிருந்து வருகிறது?

ஜப்பானியப் பொறியாளர் தகுவோ ஆவோயாகி 1974-ல் முன்வைத்த யோசனை அது. விரலின் ஒரு பக்கமிருந்து இரண்டு ஒளிகள் பாயும். ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு, மற்றது கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் இழந்த ரத்தம் சிவப்பை அதிகம் விழுங்கும். தோல், எலும்பு, நகம் எல்லாமும் ஒளியை மறிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த மறிப்பு மாறாமல் ஒரே அளவில் இருக்கும். தமனி ரத்தம் மட்டும் நாடித்துடிப்போடு ஏறி இறங்கும். ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் ரத்தத்தின் கணக்கு தனியாகக் கிடைத்துவிடும். எத்தனை அழகான யோசனை!

இனிமேல்தான் சிக்கல். இரண்டு ஒளிகளின் விகிதத்தை ஆக்சிஜன் சதவீதமாக மாற்ற ஓர் அட்டவணை வேண்டும். சூத்திரத்திலிருந்து மட்டும் அது வராது. ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜன் சுவாசிக்க வைத்து, தமனியில் ரத்தம் எடுத்து, இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டு வரைந்த கோடு அது. அந்தத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுடையவர்களாக இருந்தால்? அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் 2013 வழிகாட்டுதல் கேட்டதே, கருந்தோலுடையவர் குறைந்தது இருவர் அல்லது மொத்தத்தில் 15 சதவீதம் என்பதுதான். 2020 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தைச் சோதித்தால், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில் உண்மையான ஆக்சிஜன் 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் அது 3.6 சதவீதம். மூச்சு முட்டும் உடம்பை ‘நன்றாக இருக்கிறது’ என்று கருவி சொல்லியிருக்கிறது. விவாதம் வலுத்து, 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. கூடுதல் ஆட்களையும் பலவகைத் தோல் நிறங்களையும் வைத்துச் சோதிக்கச் சொல்லும் புதிய வரைவை வெளியிட்டது.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். செந்துறையில் வெயிலில் களை எடுக்கும் அம்மாவின் விரலிலும் இதே கருவிதான் மாட்டப்படுகிறது. அந்த விரலில் அது எவ்வளவு தூரம் உண்மை சொல்கிறது? எம்.இ. மாணவர் ஒருவரின் இறுதியாண்டு ஆய்வுக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை. இதைச் செய்யக் கோடி ரூபாய் ஆய்வகம் தேவையில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர்கள் எப்படியும் தமனி ரத்தம் எடுத்து ஏ.பி.ஜி. பரிசோதனை செய்கிறார்கள். அந்த நேரத்தில் ஆக்ஸிமீட்டர் காட்டிய எண்ணையும், தோலின் நிறத்தை அளந்து ஒரு குறிப்பையும் சேர்த்து எழுதிவைத்தால் ஆய்வுக்கான தரவு சேரத் தொடங்கிவிடும்.

இந்த ஓர் ஆய்வை முடிக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். ஒளியியல், ஃபோட்டோ டயோடு, ஆம்ப்ளிஃபையர். துடிப்பைப் பிரித்தெடுக்கும் ஃபில்டரை எழுத பைத்தானோ மேட்லேபோ. ஹீமோகுளோபின் என்ன செய்கிறது, கை குளிர்ந்தால் விரலுக்கு ரத்தம் ஏன் வராது, ரத்தசோகையில் என்ன மாறும் என்கிற உடலியங்கியல். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதவும், நோயாளியின் மகனிடம் தமிழில் பொறுமையாக விளக்கி ஒப்புதல் வாங்கவும் தெரிய வேண்டும். பிறகு புள்ளியியல். இரண்டு அளவுகளும் சேர்ந்து ஏறி இறங்கினால் உடனே ‘கோரிலேஷன் 0.95, கருவி அருமை’ என்று எழுதிவிடுகிறார்கள். பத்துப் பத்துப் புள்ளி தப்பாகக் காட்டும் கருவிக்கும் கோரிலேஷன் பிரமாதமாக வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று பிளாண்டும் ஆல்ட்மேனும் ‘லான்செட்’ இதழில் 1986-லேயே எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் படிக்காமல் பயோமெடிக்கலில் யாருக்கும் முதுகலைப் பட்டம் தரக் கூடாது என்பது என் கட்சி.

உடைந்து உடைந்து உருவான வால்வு

பொறியாளரும் டாக்டரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை சிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும் தங்கள் குழுவோடு செய்த இதய வால்வு அது. கீல்வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போன ஏழைப் பிள்ளைகளுக்கு, வெளிநாட்டு வால்வின் விலையைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கும் காலம்.

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு வால்வு வருடத்துக்கு மூன்றரைக் கோடி முறைக்கும் மேல் திறந்து மூட வேண்டும். அதுவும் நிறுத்தி எண்ணெய் போட முடியாத இடத்தில். முதல் வடிவங்கள் தேறவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தோற்றது. தேய்மானம், முறிவு, சோதனை ஆட்டின் மரணம் என்று ஒவ்வொரு தோல்வியிலிருந்தும் ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் கோபால்ட்-குரோமியம் உலோகக் கலவையில் சட்டம், மூட்டு மாற்று சிகிச்சையில் பயன்படும் வகை பாலிஎத்திலீனில் தட்டு என்று வந்து நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. நிறுவனம் தயாரிக்கும் ‘டி.டி.கே. சித்ரா’ வால்வு இன்றுவரை ஒரு லட்சம் பேருக்கும் மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

அந்தப் பாரம்பரியம் இன்று ஒரு படிப்பாகவே கிடைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி., சித்திரைத் திருநாள் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. மூன்றும் சேர்ந்து நடத்தும் எம்.டெக். கிளினிக்கல் இன்ஜினீயரிங். மூன்று இடத்திலும் படிக்க வேண்டும். வேலூரில் மாணவர் டாக்டர்களுக்குப் பின்னாலேயே வார்டு வார்டாக நடக்க வேண்டும். பெரம்பலூர்ப் பிள்ளைகள் குறிவைக்க வேண்டிய படிப்பு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அதே ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான ஆர்2டி2 மையம் 2019-ல் ‘அரைஸ்’ என்ற எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியையும், 2022-ல் ‘கதம்’ என்ற செயற்கை முழங்காலையும் கொண்டுவந்தது. ஒற்றைக் கீல் வைத்த மலிவான முழங்காலோடு வரப்பில் நடந்தால் கால் தட்டும், திடீரென மடங்கும். கதம் பல அச்சுகளில் சுழல்வதால் மேடுபள்ளத்தில் தடுக்கி விழும் வாய்ப்பு குறைவு. நெடுஞ்சாலை விபத்துகளில் காலை இழந்தவர்கள் வாழும் பெரம்பலூருக்கு இதன் அருமை புரியும்.

எப்படி உள்ளே போவது?

ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்கு கேட் தேர்வு. 2020 முதல் அதில் பயோமெடிக்கலுக்கென்றே ‘பி.எம்.’ தாள் இருக்கிறது. சர்க்யூட், சிக்னல், எலெக்ட்ரானிக்ஸ், கன்ட்ரோல், சென்சார், உடற்கூறியல், இமேஜிங், பயோமெக்கானிக்ஸ், பயோமெட்டீரியல்ஸ் எல்லாம் வரும். எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் படித்தவர்களும் தங்கள் தாளை எழுதி பல படிப்புகளுக்கு வரலாம். கேட் தேறி ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் எம்.இ. மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. 2023 முதல் எம்.இ. சேர்க்கைக்கு சீட்டா-பி.ஜி. நுழைவுத்தேர்வு.

பி.இ. முடித்த கையோடு எம்.இ. போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, முடிந்தால் ஒரு வருடம் ஒரு மருத்துவமனையில் பயோமெடிக்கல் பிரிவில் வேலை பாருங்கள். சம்பளம் ஐ.டி. கம்பெனிக்குப் போன நண்பனைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளை ஏமாற்றுவது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் பார்த்தது எந்த நோட்ஸிலும் கிடைக்காது. இ.சி.ஜி. கோடு முழுக்க நடுங்குகிறதா? பெரும்பாலும் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல். எர்த்தைப் பார், எலெக்ட்ரோடு காய்ந்திருக்கிறதா பார். இதயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள கருவியில் கசியும் மின்சாரம் இயல்பு நிலையில் 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்கிறது சர்வதேசத் தரம். நம் கை உணரக்கூட முடியாத அளவு அது. உணர முடியாததை அளந்து பார்க்கும் ஒழுக்கம் வேலை பார்த்துத்தான் படியும்.

சர்வீஸ் வேலையிலேயே இருக்கப்போகிறவருக்கு எம்.இ. பெரிதாக உதவாது. கருவி வடிவமைப்பு, ஆராய்ச்சி, ஆசிரியப் பணி என்று போகிறவருக்கு அது அவசியம். இரண்டுக்கும் நடுவே இப்போது வளர்ந்துவரும் இன்னொரு வாசல் ரெகுலேட்டரி வேலை. 2017-ல் மருத்துவக் கருவி விதிகள் அறிவிக்கப்பட்டு 2018-ல் நடைமுறைக்கு வந்தன. கருவிகளை ஆபத்தின் அளவுப்படி ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரிக்கின்றன. 2020-க்குப் பிறகு எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் வட்டத்துக்குள் வந்துவிட்டன. எந்தப் பாகம் எப்படித் தவறலாம், தவறினால் யாருக்கு என்ன ஆகும், அதை எப்படித் தடுத்தோம் என்று ஒவ்வொன்றையும் எழுதிவைக்கத் தெரிந்தவர் இல்லாமல் எந்தக் கம்பெனியும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. நன்றாக எழுதத் தெரிவதும் இந்தப் படிப்பில் ஒரு தொழில்திறன்.

நம் ஊர்க் கேள்விகள்

2015-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அரசு மருத்துவக் கருவிகளின் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். 29,115 மருத்துவ நிலையங்களில் 7,56,750 கருவிகள். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை இயங்காமல் கிடந்தன. வாங்குவதற்கு வரும் பணமும் ஆர்வமும், வாங்கியதை உயிரோடு வைத்திருப்பதற்கு வருவதில்லை. தமிழ்நாட்டில் 1994-ல் உருவான மருத்துவப் பணிகள் கழகம் இருப்பதால் நம் நிலை மேல். ஆனாலும் மாவட்டத்துக்குள்ளேயே படித்த கைகள் இருந்தால், திருச்சியிலிருந்து ஆள் வரும்வரை ஒரு மானிட்டர் காத்திருக்க வேண்டாம்.

பராமரிப்பைத் தாண்டியும் இந்த மண்ணுக்கென்றே கேள்விகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமென்ட் ஆலையிலும் வேலை செய்கிறவர்களின் நுரையீரலை ஸ்பைரோமீட்டர் வைத்துச் சோதிக்கிறோம். எவ்வளவு காற்று ஊதினால் இயல்பு என்பதற்கு 2012-ல் வெளியான உலகளாவிய அளவுகோலில் இந்தியத் துணைக்கண்டத்துக்கென்று தனிச் சமன்பாடே இல்லை. அப்படியிருக்க, ஒரு சுரங்கத் தொழிலாளியின் மூச்சு குறைந்திருக்கிறதா, அல்லது அவரை அளக்கும் கோல் அவருக்குப் பொருந்தவில்லையா? நஷ்ட ஈடும் சிகிச்சையும் இந்தப் பதிலைப் பொறுத்தவை. அரியலூரில் உட்கார்ந்து செய்ய வேண்டிய ஆய்வு இது. பாஸ்டனிலிருந்து யாரும் வந்து செய்ய மாட்டார்கள்.

இதற்குத் தடையாக இருப்பது பணம் என்பதைவிடக் கதவு. பொறியியல் மாணவர் மருத்துவமனைக்குள் வருவது இன்று பெரும்பாலும் ஒருநாள் ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’தான். எம்.ஆர்.ஐ. முன்னால் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2001-ல் தொடங்கிய பயோடிசைன் பயிற்சியில் கருவியைப் பற்றி ஒரு வரி வரைவதற்கு முன் வாரக்கணக்கில் வார்டில் நின்று பார்ப்பது கட்டாயம். அந்தப் பயிற்சியை எய்ம்ஸும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. பெரம்பலூரில் ஒரே நிர்வாகத்தின் கீழ் பொறியியல் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் சில மைல் தூரத்தில் இருக்கின்றன. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் இருக்கின்றன. ஒரு செமஸ்டர் முழுக்க, வாரத்துக்கு இரண்டு நாள், மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வார்டில் நிற்கட்டும். அவர்களுக்கு மதிப்பெண் போடுவதில் ஒரு பங்கு வார்டு சிஸ்டரிடம் இருக்கட்டும். இதற்குக் கல்லூரி முதல்வர்கள் இருவர் கையெழுத்திட்ட ஒப்பந்தமும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும், வெள்ளை கோட்டும் போதும். அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.